புழுக்களைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"சீமைக் கருவேலங் காட்டில் அழுகிய நிலையில் ஆண் சடலம், இறந்து மூன்று நாள் இருக்கலாம் எனப் போலீசார் தெரிவித்தனர்." மாவட்டச் செய்திப் பக்கங்களில் இப்படி ஒரு வரி வராத வாரம் குறைவு. அந்த "மூன்று நாள்" எப்படிக் கணக்கிடப்பட்டது என்று எந்தச் செய்தியிலும் இருப்பதில்லை. உடல் உப்பியிருப்பதையும் நாற்றத்தையும் வைத்துச் சொல்லும் உத்தேசம்தான் அது. அதே உடலில், நேரத்தை இன்னும் நெருக்கமாகச் சொல்லக்கூடிய தடயம் ஆயிரக்கணக்கில் நெளிந்துகொண்டிருக்கிறது. பிரேதப் பரிசோதனை மேஜையில் அதைக் குழாய்த் தண்ணீரால் அடித்துக் கழுவிச் சாக்கடையில் விட்டுவிடுகிறோம். சில நேரம் சம்பவ இடத்திலேயே பிளீச்சிங் பவுடரையும் பினாயிலையும் கொட்டி முடித்துவிடுகிறார்கள். இதை நிறுத்த வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

இறந்த நேரத்தைக் கணிக்க மருத்துவரிடம் இருக்கும் வழிகள் முதல் ஒன்றிரண்டு நாளோடு தீர்ந்துவிடும். உடல் குளிர்வதை வைத்துக் கணக்கிடலாம். ஆனால் நிழலிலேயே 35 டிகிரி செல்சியஸ் காயும் மே மாதத்தில் 37 டிகிரி உடல் எங்கே போய்க் குளிரும்? விறைப்பும் நம் ஊர் வெயிலில் ஒன்றரை நாளுக்குள் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அதன்பின் அழுகலைப் பார்த்து "2 முதல் 5 நாள்" என்று அகலமாகத்தான் எழுத முடியும். வழக்கு உடைவது இந்த அகலத்தில்தான். "இருவரையும் கடைசியாகச் சேர்த்துப் பார்த்தேன்" என்ற சாட்சியத்தின் மேல் நிற்கும் கொலை வழக்குகள் நம் நீதிமன்றங்களில் நிறைய. பார்த்த நேரத்துக்கும் இறந்த நேரத்துக்கும் நடுவே இன்னொருவர் நுழைய வாய்ப்பில்லாத அளவுக்கு இடைவெளி குறுகியிருந்தால்தான் அந்தச் சாட்சியம் எடுபடும். இடைவெளி இரண்டு நாளா ஐந்து நாளா என்று தெரியாவிட்டால் கொன்றவர் தப்பவும் கொல்லாதவர் மாட்டவும் வழி உண்டு.

உடலுக்கு முதலில் வருவது பச்சையும் நீலமுமாக மினுங்கும் ஈ. மீன் மார்க்கெட்டிலும் பலாப்பழத் தள்ளுவண்டியிலும் நாம் விரட்டும், பெரிய சிவப்புக் கண் கொண்ட அதே ஈதான். கிரைசோமியா மெகாசெபாலா என்பது அதன் அறிவியல் பெயர். பகல் நேரமாக இருந்து, உடல் திறந்த வெளியில் கிடந்தால் சில நிமிடங்களிலேயே வந்து உட்காரும். கண்ணோரம், மூக்குத் துவாரம், வாய், காது, வெட்டுக்காயம் என்று ஈரமும் மறைவும் உள்ள இடமாகத் தேடி, ரவையை அள்ளி அப்பியது போல ஒரே ஈடாக 200, 300 முட்டை இடும். 28 டிகிரி வாக்கில் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் முட்டை பொரியும். புழு இரண்டு முறை தோலுரித்து மூன்று பருவங்களைக் கடக்க நான்கைந்து நாள். பிறகு உடலை விட்டு இறங்கி, மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, மேலும் நான்கைந்து நாளில் ஈயாக வெளிவரும். மொத்தம் ஏறத்தாழ பத்து நாள். இனமும் வெப்பமும் தெரிந்தால், புழு இந்தப் பாதையில் எங்கே நிற்கிறது என்பதிலிருந்து முட்டை இட்ட நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம்.

எங்கே நிற்கிறது என்பதைப் புழுவின் நீளத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. புழுவின் கூர்மையான முனையில் வாய் இருக்கிறது. மழுங்கிய முனையை லென்ஸில் பார்த்தால் இரண்டு பழுப்புப் புள்ளிகள் தெரியும். பலரும் அவற்றைக் கண் என்று நினைக்கிறார்கள். அவை மூச்சுத் துளைகள். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் கீறல் போன்ற பிளவுகள் உண்டு. முதல் பருவத்தில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. எண்ணினால் போதும், பருவம் தெரிந்துவிடும். மூன்றாம் பருவப் புழு தின்றுகொண்டிருக்கிறதா, தின்று முடித்துவிட்டதா என்பதும் தெரியும்: தின்னும் புழுவின் இரைப்பை நிறைந்து, தோலுக்குள் கருஞ்சிவப்பாகத் துலங்கும், தின்று முடித்து மண்ணைத் தேடும் புழுவில் அந்த நிறம் வடிந்து உடல் முழுக்க வெளிறியிருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நாளுக்கு மேல் வித்தியாசம் வரலாம்.

வயதை விட முதலில் இனத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். சதை ஈ என்ற சாம்பல் நிற ஈ முட்டை இடாது. உயிருள்ள சிறு புழுவையே நேராக உடலில் விடும். அதை முட்டையிடும் ஈ என்று எடுத்துக்கொண்டால் அரை நாள், ஒரு நாள் பிசகும். கிரைசோமியா ரூபிபேசிஸ் என்ற இன்னொரு இனத்தின் புழுவுக்கு உடலெங்கும் முள் முளைத்தது போலச் சதைக் கொம்புகள் இருக்கும். அது சற்றுத் தாமதமாக வந்து, முதலில் வந்த இனத்தின் புழுக்களையே பிடித்துத் தின்னும். உடலில் அது மட்டும் மிஞ்சியிருந்தால், முதலில் வந்தவை ஏற்கெனவே தின்னப்பட்டிருக்கலாம் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இறந்த நேரம் உண்மையில் இருந்ததை விடப் பிந்தியதாக வரும்.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை. சீனாவில் சோங் சு என்ற நீதி அதிகாரி 1247-இல் எழுதிய விசாரணைக் கையேட்டில், கொலை நடந்த ஊரில் அரிவாள்களையெல்லாம் தரையில் வைக்கச் சொல்லி, எதில் ஈ மொய்த்தது என்று பார்த்துக் கொலையாளியைக் கண்டுபிடித்த விவரம் இருக்கிறது. நம் வாசகர்கள் கேட்க வேண்டிய வழக்கு இன்னொன்று. 1935 செப்டம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தில் மொஃபட் ஊருக்கு அருகே, ஒரு பாலத்தின் கீழ் ஓடையில் துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றிய உடல் துண்டுகள் கிடைத்தன. இரண்டு பெண்களின் உடல்கள். அவற்றில் இருந்த புழுக்களை கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் மேர்ன்ஸ் ஆராய்ந்து, வயது 12 முதல் 14 நாள் என்றார். இங்கிலாந்தின் லங்காஸ்டரில் மருத்துவராக இருந்த, பம்பாயில் பிறந்த பக் ரக்ஸ்டனின் மனைவியும் வீட்டுப் பணிப்பெண்ணும் காணாமல் போனது செப்டம்பர் 14 இரவு, 15 காலை வாக்கில். உடலைச் சுற்றியிருந்த செய்தித்தாளோ லங்காஸ்டர், மோர்கம்ப் பகுதிக்கென அச்சிட்ட செப்டம்பர் 15 தேதியிட்ட சிறப்புப் பதிப்பு. புழுவின் கணக்கும் தாளின் தேதியும் ஒன்றோடொன்று பொருந்தின. ரக்ஸ்டன் 1936 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அந்தப் புழுக்களை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அன்று யாரோ அவற்றைக் கழுவி ஊற்றாமல் சீசாவில் போட்டதால்தான் இது நடந்தது.

சீசாவில் போடுவதிலும் முறை இருக்கிறது. அதிகம் கெடுவதும் அங்கேதான். உயிருள்ள புழுவை நேராக ஸ்பிரிட்டில் போட்டால் அது சுருங்கிக் கறுத்துவிடும். 15 மி.மீ. புழு 11 மி.மீ. ஆகத் தெரிந்தால் வயது குறைவாக வரும். ஃபார்மலினில் போட்டால் கட்டை போல இறுகும். பிற்பாடு மரபணுச் சோதனைக்கும் உதவாது. கொதித்து இறக்கிய வெந்நீரை ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போங்கள். 80 டிகிரிக்குக் குறையக் கூடாது. புழுவை அதில் அரை நிமிடம் போட்டால் நன்றாக நீண்டு, நிமிர்ந்து, வெள்ளையாகவே நிற்கும். பிறகு 80 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதிச் சீசாவுக்கு உள்ளேயே போட வேண்டும். பேனா மை எத்தனாலில் கரைந்து, நீதிமன்றம் போகும்போது வெற்றுத் தாள்தான் இருக்கும். சீட்டில் வழக்கு எண், தேதி, 24 மணிக் கணக்கில் நேரம், உடலில் எடுத்த இடம், எடுத்தவர் பெயர் ஆகியவை போதும்.

எடுக்கும்போது பெரிய புழுவைத் தேடி எடுங்கள். மூத்ததுதான் முதலில் வந்தது. கூடவே எல்லா அளவிலும் கொஞ்சம். முகம், காயம், உடலுக்கு அடிப்புறம் என ஒவ்வோர் இடத்திலிருந்தும் 50 அளவுக்கு எடுத்துத் தனித்தனிச் சீசாவில் போடவேண்டும். ஒன்றாகக் கலந்துவிட்டால் எது எங்கிருந்து வந்தது என்று பிறகு பிரிக்க முடியாது. முகத்தில் குறைவாகவும் உள்ளங்கையிலோ முன்கையிலோ நிறையவும் புழு இருந்தால், அங்கே தடுக்கப் போய்ப் பட்ட காயம் இருந்திருக்கலாம் என்று மருத்துவருக்குச் சொல்லவேண்டிய குறிப்பும் அதுதான்.

எடுத்ததில் பாதியைக் கொல்லாமல் வளர்க்க வேண்டும். புழுவைப் பார்த்து இனம் சொல்வது கடினம்; ஈயாக வெளிவந்தால் சந்தேகம் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று செ.மீ. உயரத்துக்கு உலர்ந்த மணலோ மரத்தூளோ போட்டு, அலுமினியத் தாளை மடித்துப் பை போலச் செய்து அதில் ஈரல் வைத்து, புழுவை விடுங்கள். 50 புழுவுக்கு 100 கிராம் ஆட்டு ஈரல். இரை குறைந்தால் குள்ளமாகவே கூட்டுப்புழுவாகிவிடும். மூடியில் துளையிட்டுத் துணி கட்டவேண்டும். பாலித்தீன் பையில் கட்டி ஜீப்பின் பின்பக்கம் போட்டால் நிலையத்துக்குப் போவதற்குள் வியர்த்து மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

உடலோடு வேலை முடிந்துவிடாது. தின்று முடித்த புழுக்கள் பல மீட்டர் தூரம் ஊர்ந்து போகும். உடலைத் தூக்கிய பின், அது கிடந்த இடத்திலும் சுற்றி இரண்டு மூன்று மீட்டரிலும் மேல்மண்ணைப் பத்து செ.மீ. ஆழத்துக்குத் தோண்டிச் சலிக்க வேண்டும். வீட்டுக்குள் என்றால் பாய்க்கு அடியில், கதவிடுக்கில், பீரோவுக்குக் கீழே பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் எலிப்புழுக்கை போலக் கிடப்பவை கூட்டுப்புழுக்கள். எலிப்புழுக்கை என்றே பெருக்கித் தள்ளிவிடுகிறார்கள். ஒரு முனை மூடி திறந்தது போல வட்டமாகப் பிளந்து வெறுங்கூடாகக் கிடந்தால் ஒரு தலைமுறை ஈ வெளியேறிவிட்டது என்று பொருள். புழுவை மட்டும் பார்த்து "நான்கு நாள்" என்று எழுதிய இடத்தில், அந்தக் காலிக் கூடு ஒன்று "பத்து நாளுக்கும் மேல்" என்று மாற்றிவிடும்.

இனி வெப்பம். புழுவின் வளர்ச்சி கடிகாரத்தில் ஓடுவதில்லை, வெயிலில் ஓடுகிறது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. குறிப்பிட்ட பருவத்தை எட்ட ஓர் இனத்துக்கு ஆய்வகத்தில் 28 டிகிரியில் 60 மணி நேரம் ஆகிறது என்போம். 10 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும் என்றும் கொள்வோம். 28-இலிருந்து 10 போக 18. 60 மணியால் பெருக்கினால் 1,080. அந்தப் பருவத்துக்கு வேண்டிய "வெப்ப மணி" இதுவே. சராசரி 34 டிகிரி உள்ள வேலூர்க் கோடையில் ஒரு மணிக்கு 24 சேரும். 45 மணி நேரத்தில் கணக்கு நிறையும். சராசரி 16 டிகிரியில் உதகையில் ஒரு மணிக்கு 6 மட்டுமே. 180 மணி, அதாவது ஏழரை நாள் ஆகும். ஒரே அளவுப் புழு ஓர் ஊரில் இரண்டு நாளைச் சொல்கிறது, இன்னோர் ஊரில் ஒரு வாரத்தை. குளிரின் ஓரத்தில் இந்த நேர்கோட்டுக் கணக்கும் அவ்வளவாகப் பொருந்தாது. மலைக்கு வரும் இனங்களும் வேறு. ஆகவே வெளிநாட்டு அட்டவணையையோ சமவெளி அட்டவணையையோ அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது.

அதனால்தான் புழுவோடு வெப்பத்தையும் எடுக்கவேண்டும். நிழலில், தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே காற்றின் வெப்பம். உடலுக்கும் தரைக்கும் இடையில். மண்ணுக்குள் 5, 10 செ.மீ. ஆழத்தில். பிறகு புழுக்கூட்டத்தின் நடுவில். கடைசியாகச் சொன்னது முக்கியம். ஆயிரக்கணக்கில் திரண்ட புழுக்கள் தாங்களே சூடு கிளப்பும். சுற்றியிருக்கும் காற்றை விட 10, 20 டிகிரி கூடக் கூடும். வானிலை நிலையத்தின் எண்ணை மட்டும் நம்பினால் இந்தச் சூடு கணக்கில் வராது, வயது கூடுதலாக வந்துவிடும். சம்பவ இடத்திலேயே சிறிய வெப்பப் பதிவுக் கருவியை ஒரு வாரம் கட்டிவைத்து, அதை அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவோடு ஒப்பிட்டால், முந்தைய நாட்களில் அந்த இடம் எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று பின்னோக்கித் திருத்திக்கொள்ளலாம்.

பிணவறைக் குளிர்பெட்டி இன்னொரு குழப்பம். 4 டிகிரியில் சிதறிக் கிடக்கும் சிறு புழுக்கள் அப்படியே நின்றுவிடும். பெரும் கூட்டமோ தன் சூட்டில் உள்ளுக்குள் தின்றுகொண்டே இருக்கும். மாலை பெட்டிக்குள் போய் மறுநாள் மதியம் வெளிவரும் உடலில் இரண்டும் கலந்து கிடக்கும். பெட்டிக்குள் வைப்பதற்கு முன்பே மாதிரி எடுத்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் உள்ளே வைத்த நேரத்தையும் எடுத்த நேரத்தையுமாவது எழுதவேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் பூச்சி சொல்வது இறந்த நேரத்தை அன்று. ஈ முட்டையிட்ட நேரத்தை. "குறைந்தது இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது" என்பதுதான் அறிக்கையில் வரவேண்டிய வாசகம். இரவில் ஈ பெரும்பாலும் முட்டையிடாது. கன மழையில் வராது. பூட்டிய வீடும் இறுகச் சுற்றிய தார்ப்பாயும் நாள் கணக்கில் தள்ளிப்போடும். கிணற்றில் போட்ட உடல் மிதக்கும் வரை ஈயின் கணக்கே தொடங்காது. எதிர்த்திசையிலும் தவறலாம்: படுக்கைப் புண்ணோடு கவனிப்பாரின்றிக் கிடந்த முதியவர் உடலில், உயிர் இருக்கும்போதே புழு வைத்திருக்கக் கூடும். அப்போது அது இறந்த நேரத்துக்குச் சாட்சி ஆகாது. அவர் எத்தனை நாள் கைவிடப்பட்டுக் கிடந்தார் என்பதற்குச் சாட்சி. கனடாவில் 1959-இல் ஒரு சிறுமியின் கொலைக்காக 14 வயதில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது குறைக்கப்பட்டு, 2007-இல் குற்றச்சாட்டிலிருந்தே விடுவிக்கப்பட்ட ஸ்டீவன் டிரஸ்காட் வழக்கில், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அன்றைய புழுக் குறிப்புகளை நிபுணர்கள் நீதிமன்றத்தில் திரும்பப் படித்தார்கள். ஒத்த முடிவுக்கு வரவில்லை. முதல் நாளில் எடுத்து எழுதாத விவரத்தைப் பிறகு எந்த நிபுணராலும் உண்டாக்க முடியாது.

எறும்பைப் பற்றியும் சொல்லவேண்டும். இறந்த பின் எறும்பு அரித்த தோல், வரிவரியாக மஞ்சளும் பழுப்புமாகக் காய்ந்து, சிராய்ப்பு போலவோ அமிலம் பட்டது போலவோ தெரியும். கழுத்தைச் சுற்றி இருந்தால் கயிற்றுத் தடம் என்று பதற்றம் கிளம்பும். அதைச் சுற்றி இரத்தக் கசிவோ வீக்கமோ இருக்காது. அதுதான் பிரித்தறியும் வழி. எறும்பு ஈயின் முட்டைகளையும் தூக்கிப் போய்விடும், அதனாலும் கணக்குப் பிந்தும். உடலில் எறும்பு இருந்ததை, சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீசார் எழுதும் பார்வை மகஜரில் ஒரு வரி எழுதிவைத்தால் பல வீண் வாதங்கள் மிச்சம்.

பூச்சிமருந்து குடித்து இறப்பவர்கள் நிறைய உள்ள நம் மாநிலத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. இரத்தமும் குடலும் அழுகிப் பரிசோதனைக்கு உதவாமல் போன பிறகும், அந்தச் சதையைத் தின்ற புழுவில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்ததா இல்லையா என்பதுதான் தெரியும். எவ்வளவு குடித்தார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதே மருந்து ஈயை விரட்டி முட்டையிடுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் நேரக் கணக்கையும் எச்சரிக்கையோடுதான் எடுக்கவேண்டும்.

சட்டம் ஓரளவு வழி திறந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்கிறது; மாநிலங்கள் ஐந்து ஆண்டுக்குள் இதை முழுமையாக அமல்படுத்த வேண்டும். ஆனால் அடையாளம் தெரியாத அழுகிய உடல் முதல் நாளில் கொலை வழக்காகப் பதிவாவதில்லை. 194-ஆம் பிரிவில் சந்தேக மரணம் என்றே பதிவாகிறது. நிபுணரை அழைக்கும் கட்டாயம் அப்போது இல்லை. கூறாய்வு அறிக்கை வந்து வழக்குக் கொலையாக மாறும்போது புழுக்கள் சாக்கடையில் போய்ச் சேர்ந்திருக்கும். ஓட்டை இங்கே இருக்கிறது. 1849-இல் சென்னையில் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கிய காலத்திலிருந்து வரும் தடய அறிவியல் துறை நம்முடையது. அந்தத் துறை நினைத்தால் அடைக்க முடியாத ஓட்டை இல்லை.

கேட்பது பெரிய செலவும் இல்லை. ஒவ்வொரு காவல் உட்கோட்டத்திலும் ஒரு பெட்டி: ஃபிளாஸ்க், இருபது சீசா, அரை லிட்டர் எத்தனால், மழுங்கிய இடுக்கி, சிறு தூரிகை, கரண்டி, சல்லடை, குத்தி அளக்கும் வெப்பமானி, வெப்பப் பதிவுக் கருவி, பென்சில். பிண விசாரணைப் படிவத்தில் இரண்டு வரி கூடுதலாக: பூச்சி மாதிரி எடுக்கப்பட்டதா, புழுக்கூட்டத்தின் வெப்பம் எவ்வளவு. அரசு மருத்துவமனைப் பிணவறைகளுக்கு ஒரு சுற்றறிக்கை: மாதிரி எடுக்கும் வரை உடலைக் கழுவக் கூடாது. வேளாண் பல்கலைக்கழகத்திலும் கல்லூரி விலங்கியல் துறைகளிலும் ஈயை வளர்க்கத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சென்னைக் கடலோரம், கரிசல் காடு, நீலகிரி என்று இடம் பிரித்து, கோடைக்கும் மழைக்காலத்துக்கும் தனித்தனியாக நம் இனங்களின் வளர்ச்சி அட்டவணையைத் தயாரிக்கும் வேலையை அவர்களிடம் கொடுக்கலாம்.

தங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "இறந்து மூன்று நாள் இருக்கலாம்" என்று யாராவது சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள், பூச்சி மாதிரி எடுத்தீர்களா என்று கேட்டு, கிடைத்த பதிலையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பூச்சியியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி